பழைய ரேடியோவும் கடைசி பஸ்ஸும்

பழைய ரேடியோவையும் புது லேப்டாப்பையும் பேச வைக்கிற வேலையில் இருப்பவர்களுக்குச் சோற்றைச் சூடாகச் சாப்பிடக் கொடுத்து வைக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது இந்த நேரம் ஒரு ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, இது எந்த ஓட்டைக்கு என்று முழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். நானும் உங்கள் கூட்டந்தானுங்க.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். மலைமேல் அரியூர் நாட்டில் ஊடு, இங்கே சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பேர். வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு வடக்கே போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். மகள் கயலுக்கு மூணு வயசு. அவளையும் தூக்கிக்கொண்டு தினமும் பஸ் ஏறி, செம்மேட்டில் பாய் வைத்திருக்கும் ரிப்பேர் கடைக்கு வேலைக்குப் போகிறேன். செல்போன், டார்ச், மிக்சி எல்லாம் வரும். அதோடு ஹாம் ரேடியோவும் வரும். லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக செட் வைத்து, டவரும் நெட்டும் இல்லாமல் ஊர்விட்டு ஊர் பேசுகிறவர்களுடைய ரேடியோ அது. இப்போதெல்லாம் வாயால் பேசுவதோடு, லேப்டாப்பில் தட்டிய எழுத்தை ஒருவிதச் சத்தமாக்கி ரேடியோ வழியாக அனுப்புகிறார்கள். அங்கேதான் நம் தலைவலி தொடங்குகிறது.

ஐப்பசியில் ஹாம்காரர்கள் மலைக்கு வந்து கேம்ப் போடுவதாக இருந்தது. இங்கே வேளாண்மை ஆபீசுக்கு மாற்றலாகி வந்த திருநெல்வேலிக்காரர் ஸ்டீபன் சார், தன்னுடைய பழைய செட்டைப் புது லேப்டாப்போடு அங்கே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எங்களிடம் கொடுத்தார். பாய் என்னிடம் விஷயத்தை மறைக்கவில்லை. அது ஓடினால் இன்னும் நாலு பேர் செட்டைக் கொண்டுவருவார்கள், மலைக்கடை இருக்கும். ஓடாவிட்டால் இதை மூடிவிட்டு, மலைக்குக் கீழே இருக்கும் தன் பெரிய கடையோடு சேர்த்துவிடுவார். நீயும் கீழே வந்துவிடு என்றார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் அத்தனை வளைவு இறங்கி ஏற முடியுமா? அன்றைக்குப் போனதுதான் தூக்கம்.

முகம் தெரியாத ஒயர்

ஸ்டீபன் சாரின் செட் என்னைவிட வயசில் மூத்தது. அதன் முதுகில் ஊசி ஊசியாக ஒரு அகலமான சாக்கெட். லேப்டாப்போ தோசை மாதிரி மெல்லிசு. அதன் ஓரத்தில் இருந்த ஓட்டைகள் எதிலும் அந்தச் சாக்கெட்டின் ஒயர் சேராது. இரண்டையும் சேர்க்கிற கன்வெர்ட்டர் ஒயரை பாய் நாமக்கல்லில் இருந்து புத்தம் புதிதாக வாங்கி வந்தார். சொருகினால் லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே இருந்த சிப் போலியாம். நான் பிடுங்குவதும் சொருகுவதுமாக ஒரு பொழுது போய்விட்டது. கயல் பசியில் அழுததுகூடக் காதில் விழவில்லை.

கடைசியில் பாய் பழைய சாமான் டப்பாவைக் கவிழ்த்தார். என்றைக்கோ ஒரு பில் மிஷினோடு வந்த ஒயர், நிறம் போய், டேப் சுற்றிக் கிடந்தது. சொருகியதும் லேப்டாப் 'டிங்' என்றது. ஸ்டீபன் சார் அந்த அழுக்கு ஒயரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "புதுச் சொந்தக்காரன் முகம் தெரியாதுங்கான், பழைய பங்காளி வந்து கட்டிப் பிடிக்கான், பாத்தியளா பாய்."

சிவப்பு விளக்கு

ஒயர் சேர்ந்த மறுநாள் அடுத்த வம்பு. லேப்டாப்பைப் போட்டவுடனே, யாரும் தொடாமல், ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் ரேடியோ வெளியே அனுப்புகிறது என்று அர்த்தம். அனுப்ப லைசென்ஸ் வேண்டும். எனக்குக் கிடையாது. காதில் கேட்கலாம், துடைக்கலாம், ஒயர் பற்ற வைக்கலாம், அனுப்பக் கூடாது. கரண்டையே பிடுங்கிவிட்டுக் கயலோடு கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

சார் சாயங்காலம் வந்தார். ரேடியோவையும் விளக்கையும் கையால் காட்டி, காதோடு பேசுகிற மாதிரி சொல்லி முடித்தேன். அவர் புரிந்துகொண்டார். லேப்டாப் கண் விழிக்கும்போது ஒவ்வொரு ஒயரையும் ஒரு உலுக்கு உலுக்கிப் பார்க்குமாம். 'அனுப்பு' என்று தன்னை யாரோ அழுத்திவிட்டதாக ரேடியோ நினைத்துக்கொள்கிறது. அப்படியென்றால் ஒயரில் 'அனுப்பு' என்று சொல்கிற கம்பியே வேண்டாம், சத்தம் வந்தால் ரேடியோ தானாக அனுப்பட்டும் என்று முடிவு செய்தோம். கிளம்பும்போது அவர் பாயிடம் சொன்னது: "இந்தப் பிள்ளைக்கு மைக்கே வேண்டாம் பாய், பேசுறது மைக்குக்கே கேக்காது."

கோழிக்குஞ்சுப் பாட்டு

சத்தம் வந்தால் அனுப்பும் என்றால், எந்தச் சத்தம் என்று ரேடியோவுக்கு என்ன தெரியும்? ஆன்டெனாவை மாட்டி, சார் சேலத்தில் இருக்கும் தன் சிநேகிதரிடம் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்ற பேங்க்காரர். நடுவில் சார் டீ டம்ளரை எடுக்கத் திரும்பினார். நான் துடைக்கத் துணியை எடுக்கக் குனிந்தேன். அந்த இடைவெளியில் கயல் லேப்டாப்பில் அவளுக்குத் தெரிந்த ஒரே படத்தை அழுத்திவிட்டாள்.

கோழிக்குஞ்சுப் பாட்டு மலையிலிருந்து சேலம் வரைக்கும் போனது. சார் பாய்ந்து நிறுத்துவதற்குள் அம்மாக் கோழியும் வந்து கூவிவிட்டது. ஹாம் ரேடியோவில் பாட்டுப் போடக் கூடாது என்பது அவர்களிடம் கண்டிப்பான சட்டம். கடை போய்விட்டது என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் சேலத்துக்காரர் குரல் நிதானமாக வந்தது: "ஏனுங்க ஸ்டீபன், ரேடியோவை நாமக்கல் கோழிப் பண்ணைக்குள்ள கொண்டுபோய் வச்சுட்டீங்களா?"

யார் முதலில்

திரும்பவும் கம்பிக்கே வந்தோம். அதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டோம். முதலில் லேப்டாப், அது நன்றாக முழித்த பிறகுதான் ரேடியோ. அணைக்கும்போது முதலில் ரேடியோ, பிறகு லேப்டாப். நான் மறந்தாலும் கயல் மறக்கவில்லை. என் கை ரேடியோப் பக்கம் போனாலே "அது அப்புறம்" என்பாள். பாய் அவளிடம் சொன்னார்: "உங்கம்மாளுக்கு நீதான் மேஸ்திரி சாமி."

கறுப்பு உருண்டை

சார் ரேடியோவின் பவரைக் கூட்டினால் லேப்டாப் திரையில் ஓடும் அம்பு செத்துப்போய் நின்றது. ரேடியோவின் அலை ஒயர் வழியாக லேப்டாப்புக்குள் ஏறுகிறதாம். பழைய கம்ப்யூட்டர் ஒயர்களின் நுனியில் கறுப்பாக ஒரு உருண்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை உடையாமல் கழற்றி இந்த ஒயரில் மாட்டினால் அடங்கும் என்றார் பாய். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போனேன். போன் ரிப்பேருக்கு வந்து உட்கார்ந்திருந்த பெரக்கரை நாட்டு அக்கா ஒன்று வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏங்கண்ணு, ஒயருக்குங்கூடவா காத்துக்கருப்பு புடிக்குது?"

விட்ட பஸ்

அம்பு நிற்காமல் ஓடியது. திரையில் யார் யாரோ அனுப்பிய எழுத்துகள் வரி வரியாக விழுந்தன. அதையே பார்த்துக்கொண்டு இருந்ததில் கடைசி பஸ் போய்விட்டது. மழையில் பிள்ளையை முந்தானையில் மூடிக்கொண்டு நடந்து, மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்றில் இடம் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். அத்தை ஒன்றும் திட்டவில்லை. பேத்தியின் தலையைத் துவட்டிக்கொண்டே, ரேடியோவுக்குக் காய்ச்சல் வந்தால்தான் உனக்குத் தெரியும் போலிருக்கிறது என்றார். அதற்குத் திட்டே தேவலாம்.

மறுநாள் கண் வீங்கி வந்த என்னைப் பார்த்து பாய் சொன்னார்: "இனிமே நீ பஸ்ஸை விடமாட்டே கண்ணு, அதை நான் பாத்துக்கறேன்."

கேம்ப்

அந்த வாரம் முழுக்க ரேடியோவைக் கேம்ப்புக்காகக் கட்டி வைத்துவிட்டோம். லேப்டாப் மட்டும் மேசையில் இருந்தது. நான் மணி பார்ப்பதும் அதில்தான். என்ன காரணமோ, பஸ் தினமும் லேட்டாகவே வந்தது. தூறலில் நின்று டிரைவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேம்ப் அன்றைக்கு மேட்டில் ஒரே மூடுபனி. போனில் சிக்னல் இல்லை. சார் முதலில் லேப்டாப்பையும் பிறகு ரேடியோவையும் போட்டார். திரையில் அலைகள் கோடு கோடாக வந்தன. எழுத்து மட்டும் ஒன்றுகூட விழவில்லை. ஒயரை ஆட்டினார், சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். பக்கத்துக் கூடாரங்களில் இருந்து ஆட்கள் வந்து கூடினார்கள். சேலத்துக்காரரும் வந்தார். ஆளுக்கு ஒரு யோசனை. பாய் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடையும் போகிறது, லேப்டாப்பில் மணியைப் பார்த்தால் பஸ்ஸும் போகிறது. கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் வாயைத் திறக்க வெட்கம். கடைசியில் சாருக்குப் பின்னால் போய், பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, நான் போகட்டுங்களா என்றேன்.

சார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னும் நேரம் கிடக்கே என்றார். நான் லேப்டாப்பைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு எல்லாரும் தங்கள் தங்கள் கையைப் பார்த்தார்கள். பாய் தலையைச் சொறிந்தார். "நாந்தானுங்க மணியை முன்னால தள்ளி வச்சேன். இந்தப் புள்ள பஸ்ஸை விட்டுருதுன்னு."

எங்கள் பக்கம் ஊட்டுக் கடிகாரமெல்லாம் பஸ்ஸுக்காகக் கொஞ்சம் முன்னால்தான் ஓடும். ஆனால் இந்த எழுத்து வேலைக்கு அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே நொடியில் தொடங்க வேண்டுமாம். நிமிஷத்தைத் தள்ளினதுகூடப் பரவாயில்லை, நொடி பிசகினதுதான் வினை என்றார் சார். நெட் இல்லாமல் சரியான நொடிக்கு எங்கே போவது? அந்தப் பழைய ரேடியோவையே திருகினார். வெளிநாட்டு ஸ்டேஷன் ஒன்று நொடிக்கு ஒரு 'டிக்' அனுப்பிக்கொண்டே இருக்கும், நிமிஷம் பிறக்கும்போது சத்தம் நீளும். நேரம் திருத்த லைசென்ஸ் வேண்டாம், நீயே தட்டு என்று என்னை உட்கார வைத்தார். காத்திருந்து, நீளச் சத்தம் வந்த நொடியில் தட்டினேன்.

எழுத்து விழுந்தது. இன்னொரு வரி. இன்னொன்று. சார் அனுப்பினார், இலங்கையில் இருந்து ஒருவர் பதில் போட்டார். அம்பு சாகவில்லை. சேலத்துக்காரர் பாயின் தோளில் கை போட்டார்: "எங்கூட்லயும் பரண் மேல ஒரு செட்டு கெடக்குதுங்க பாய். மலைக்கே கொண்டாந்து தர்றனுங்க, கோழிப் பாட்டு மட்டும் வேண்டாமுங்க."

அந்தச் சந்தோசத்தில் நிஜ நேரத்துக்கு வந்த நிஜ பஸ் போய்விட்டது. பாய் என்னையும் கயலையும் டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் கடைச் சுவரில் புதுக் கடிகாரம் ஒன்று மாட்டினார், பத்து நிமிஷம் முன்னால் தள்ளி. லேப்டாப்பில் இனி யாரும் நேரத்தைத் தொடக் கூடாது என்றார். இதைக் கீழ்க்கடைக்கு எடுத்துக்கொண்டு போவீர்களா என்று மெல்லக் கேட்டேன். சுத்தியலைக் கீழே வைத்தார். "கடையை மூடறவன் சுவத்துல ஆணி அடிப்பானா கண்ணு?"

பழைய ரேடியோவையும் புது லேப்டாப்பையும் சேர்த்து வைப்பதுகூட ஒரு வழியாகக் கைக்கு வந்துவிட்டதுங்க, கடைசி பஸ்ஸையும் என்னையும் சேர்த்து வைக்கத்தான் இன்னும் ஒரு ஒயர் கிடைக்கவில்லை.