தலையில் கட்டிய கண்ணாடி

தறியில் குனிந்தே கழுத்தெலும்பு தேய்ந்துபோனதால் என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தாமலுக்குத் தினமும் சைக்கிளில் நெய்யப் போகிறேன். மனைவியின் பவுடர் டப்பாக் கண்ணாடியை ஸ்போக் கம்பியில் கட்டி, மச்சானின் பழைய ஹெல்மெட்டில் பொருத்தினேன். அமாவாசைக்குத் தறி லீவு. அன்று உச்சிவேளையில் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். பின்னால் வருவதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் காலை மேற்கே போகும்போது, முதுகுப் பக்கத்து வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது. பின்னால் ஹாரன் அலறியது. எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் பள்ளத்தில் விழுந்தேன். பஸ் பக்கத்திலேயே நின்றது.

"கண்ணாடி வேற மாட்டிக்கினு வர்ற. பின்னாடி பஸ் வர்றது தெரியலையாபா?" என்றார் கண்டக்டர்.

மாலையில் கிழக்கே திரும்பும்போதும் சூரியன் முதுகில்தான் இருந்தது.

இப்போது ஹாரன் கேட்டாலே இறங்கி ஓரமாக நின்றுவிடுகிறேன். கண்ணாடியை மனைவியிடமே கொடுத்துவிட்டேன். ஹெல்மெட்டை மட்டும் கழற்றவில்லை.