உச்சி இலையின் பழுப்பு

நமுனுகுல மலை காலையில் மேகத்தை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வதே குணமணி டீச்சர் சொல்லித்தான். பசறைப் பக்கத்தில் எந்தச் செடியும் அவரைக் கேட்காமல் இலை விடாது. அவ்வளவு பெரிய ஆள், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மேலே, கூரை ஒழுகும் ஆசிரியர் விடுதி அறையொன்றில் பத்து வருடத்துக்கு மேலாக அடைபட்டுக் கிடந்தார்.

சொந்த ஊர் வடக்கே சாவகச்சேரி. வேலை கிடைத்து இங்கே வந்த மறு வருடம் சண்டை மூண்டு ஊர்ப் பாதை மூடிவிட்டது. சவர்க்காரம் வாங்கப் பதுளைக்குப் போனாலும், அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்து, சோதனைச் சாவடியில் இவரை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள். பிறகு பதுளைக்குப் போவதையே விட்டார். இடமாற்றம் கேட்டால், விஞ்ஞானம் படிப்பிக்க வேறு ஆள் வரட்டும், பிறகு பார்ப்போம் என்றார்கள். இந்த ஏற்றத்துக்கு எவர் வருவார்?

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனாலும் பின்னேரங்களில் டீச்சரின் ஜன்னலில் தொங்குவேன். அவருடைய குடைக்குள் தவளையைப் பிடித்துப் போட அதுதான் வசதி. உள்ளே நாலைந்து பிள்ளைகளுக்கு உயர்தரப் பாடம் நடக்கும்.

"கலத்துக்குள்ள புரதம் சும்மா கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கும். இலையில காயம் பட்டால் ஐதரசன் பரவொட்சைட்டு ஊறும். அது பட்டவுடன புரதத்தின்ர ரெண்டு கந்தகக் கையும் ஒண்டையொண்டு பிடிக்கும். ஆளின்ர வடிவமே மாறிடும். பிறகுதான் இன்னொரு புரதம் வந்து அதோட சேரும். அப்பிடித்தான் உள்ளுக்குள்ள செய்தி போகுது."

"கையக் கட்டிக்கிட்டு நின்னா எங்களுக்கு அடி விழப் போகுதுன்னு அர்த்தம் டீச்சர்" என்றேன் வெளியிலிருந்து.

"உனக்கு விளங்காது இந்திராணி. நீ போய்த் தவளைக்குச் சோறு போடு."

பால்மா டின்களில் அவர் போஞ்சி அவரைச் செடி வளர்த்தார். அடி இலையை பிளேடால் வெட்டுவார். சற்றுப் பொறுத்து இரண்டு இலைகளைப் பறிப்பார்: வெட்டிய அடி இலை, தொடாத உச்சி இலை. இரண்டின் காம்பையும் ஒரு மருந்தில் ஊற வைத்து, ஸ்பிரிட்டில் அவித்தால் பச்சை போய்விடும்; பரவொட்சைட்டு ஊறிய இடம் மட்டும் பழுப்பாக நிற்கும். உச்சி இலையிலும் பழுப்பு வந்தால், செய்தி அதுவரை போயிருக்கிறது.

மருந்தை அனுப்பியவர் கண்டி ஆராய்ச்சிக்கூடத்து டொக்டர் கேசினி. சனிக்கிழமை நேரில் வருவதாகவும், உச்சி இலையில் பழுப்பைக் காட்டினால் டீச்சரை உதவியாளராக எடுத்துக்கொள்வதாகவும், கல்வி இலாகாவோடு தானே பேசி விடுவிப்பதாகவும் சொல்லியிருந்தார். டீச்சர் இந்த மலையை விட்டு இறங்க வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியாது.

அன்று காலை டீச்சர் அவரைக் கூட்டிவர பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்கினார். நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். இரண்டு பீங்கான் தட்டுகளில் அவித்த இலைகள். அடி இலையில் வெட்டு ஓரமெல்லாம் பழுப்பு. உச்சி இலை நனைந்த கடதாசி போல வெளுத்துக் கிடந்தது. பக்கத்தில் டீச்சர் பாதி குடித்து வைத்த சாயத்தண்ணி, பால் விடாத தேநீர். கம்பிக்குள் கையை விட்டேன். விரலைத் தோய்த்து, நரம்பு நரம்பாகத் தடவினேன். கையெழுத்துக்கூட அவ்வளவு கவனமாக நான் எழுதியதில்லை.

டொக்டர் வந்ததும் குனிந்து பார்த்தார். "உச்சியிலும் வந்திருக்கே" என்று சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. இலையின் மேல் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அவர் எறும்பைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பேசாமல் இருந்திருந்தால் போதும். அவரோ இலையை எடுத்துத் தண்ணீரில் அலசினார். பழுப்பு கரைந்து போனது.

"வரேல்ல டொக்டர். இது தேத்தண்ணி."

டொக்டர் தன் பையை எடுத்துக்கொண்டார். திரும்பவும் செய்து பாருங்கள், அதுவரை இடம் காலியாக இருக்குமோ தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்.

டீச்சர் ஜன்னலுக்கு வந்தார். நான் ஓடவில்லை.

"சீனி போட்ட தேத்தண்ணியெண்டு தெரியாதோ?"

"சும்மா வெளாட்டுக்குத்தான் டீச்சர். எந்த எலைன்னுகூடப் பாக்கல."

"அடி இலையைத் தொடேல்ல. வெட்டுப்படாத இலைக்கு மட்டும், அதுவும் நரம்பு வழியாப் பூசியிருக்கிறாய்" என்றார். "எவ்வளவு காலமா இந்த ஜன்னலில நிண்டு படிக்கிறாய்?"