நண்டு சட்டை மாற்றிய நேரம்

பரளச்சிப் பக்கத்து அங்கன்வாடிக்குச் சொட்டு மருந்து கொடுக்கப் போயிருந்தேன். வாசலில் அத்தனை செருப்பு கிடந்தும் உள்ளே சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

மணல் நிரப்பிய தொட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஓங்குதாங்கான ஆள். கூப்பிட்டால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கேட்கும். வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். தொட்டிக்குள் ஒரு நண்டு; சத்தத்துக்குப் பயந்துவிடும் என்று பக்கத்தில் போகும்போதெல்லாம் அப்படித்தானாம்.

கண்மாயே வறண்டு கிடக்கிற ஊரில் கடல் நண்டு! ராமேஸ்வரத்திலிருந்து வந்தது. சங்குக்குள் குடியிருப்பது. வளர்ந்துவிட்டதால் பக்கத்தில் ஒரு பெரிய சங்கு வைத்திருந்தார்.

"சின்னப் பிள்ளைகளைக் கடிச்சிராதா டீச்சர்?"

"பயந்தாத்தான் கவ்வும் சிஸ்டர். இவுக பயமுறுத்த மாட்டாக."

நண்டு அசைந்தது. டீச்சர் கிசுகிசுத்தார்: "சட்டை மாத்தப் போகுது. வெறும் உடம்போட வரும், கூச்சப்படும்ல?"

அத்தனை பிள்ளைகளும் கண்ணைப் பொத்தினார்கள். டீச்சரும் பொத்தினார். என்னையறியாமல் நானும்.

கண் திறந்தபோது நண்டு பெரிய சங்குக்குள் இருந்தது.

"நீங்க ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையா டீச்சர்?"

"பிள்ளைக பொத்திக்கிட்டு இருக்கும்போது நான் மட்டும் எப்படிப் பார்க்க?"

எந்த நண்டுப் படத்தைக் கண்டாலும் என் கை இப்போதும் கண்ணுக்குப் போகிறது.