காலைச் சாப்பாட்டோடு இரண்டு இரவு

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். சுவிஸில் ஒரு சின்னப் பழைய நகரம். ஆற்றங்கரை, கோட்டைச் சுவர், மணிக்கூட்டுக் கோபுரம் எல்லாம் இருக்கின்றன. இவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் யாழ்ப்பாணத்துத் தீவான எங்கள் வேலணையில் யாராவது ஒருவர், “அங்கைதானே என்ரை சித்தப்பாவின்ரை மகன் இருக்கிறான், நான் சொல்லிவிடுறன்” என்று போனைத் தூக்கிவிடுவார். அந்த ஒரு வசனத்துக்குப் பயந்து நானும் இவரும் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். வெங்காயமும் புகையிலையும் போடுகிற தோட்டக்காரர். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இவருக்கு ஒரேயொரு தங்கை. கலியாணம் கட்டிச் சுவிஸுக்குப் போனவள் அங்கேயே ஒரு பெரிய ஹோட்டலில் வேலை எடுத்து, வீடு வாசல், பிள்ளை குட்டி என்று நன்றாக இருக்கிறாள். நானும் அவளும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய மகளுக்குக் கலியாணம் என்று எங்களைக் கூப்பிட்டாள். கடிதம் அனுப்பினாள், விசாவும் வந்துவிட்டது. அதைக் கையில் வாங்கிய அன்று எனக்குக் கலியாண வீட்டைப் பற்றிய நினைப்பே வரவில்லை. வேறொரு நினைப்புத்தான் வந்தது.

எங்கள் தீவுப் பகுதியில் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தப் பாராளுமன்றமும் போடாத சட்டம். சொந்தக்காரர் இருக்கிற தேசத்தில் ஹோட்டலில் தங்கக்கூடாது. தங்கினால் அது அவர்களுடைய முகத்தில் கரி பூசுகிற வேலை. ஆகவே கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் இருவரும் போன பயணமெல்லாம் ஒரே மாதிரித்தான். கொழும்புக்குப் போனால் என் பெரியம்மாவின் மகன் வீடு. திருகோணமலைக்குப் போனால் இவருடைய மாமா வீடு. ஆம்பிளைகள் விறாந்தையில் வரிசையாக, பொம்பிளைகள் அறைக்குள் வரிசையாக. நயினாதீவுத் திருவிழாவுக்குப் போய் மடத்தில் தங்கினாலும் அதே ஒழுங்கு. விடிந்து எழும்பினால் இவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். யாருடையதோ சாரத்தைக் கட்டிக்கொண்டு யாருடனோ தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபங்களில் படுத்த காலத்தை நான் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. வெளியூரில் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் ஓர் அறை. உள்ளேயிருந்து பூட்டக்கூடிய கதவு. “மச்சாள், தேங்காய் துருவித் தாறீரே?” என்று ஒருத்தரும் வந்து தட்டாத கதவு. இந்த வயதில் இப்படி ஆசைப்பட வெட்கமாயில்லையா என்று கேட்டால், இல்லை. இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

இவர் முற்றத்தில் இருந்து வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். கலியாணம் முடிந்த பிறகு, மச்சாளுக்குத் தெரியாமல், ரயிலில் போகிற தூரத்தில், ஒரு ஹோட்டல். இவர் கத்தியைக் கீழே வைத்தார். படலைப் பக்கம் ஒருக்கால் பார்த்தார், மதில் பக்கம் ஒருக்கால் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எத்தினை இரவு?” என்றார். நான் ஏச்சு வாங்குவேன் என்று நினைத்துப் போனவள். சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டேன்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்களுக்கு இதே வேலை. கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து, கொழும்பில் வேலை செய்கிற எங்கள் மகள் போனில் ஏற்றித் தந்த ஹோட்டல் படங்களைப் பார்ப்போம். மகளிடம் மட்டும் விசயத்தைச் சொல்லியிருந்தோம், அவளுடைய கார்ட் இல்லாமல் அறை எடுக்க ஏலாது. அவள் சிரித்த சிரிப்பில் போன் அறுந்துபோகவில்லை என்பது ஆச்சரியம்.

ஊரைத் தெரிவு செய்தது நான். பெரிய நகரங்களில் எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கிறார்கள், கோயில் வைத்திருக்கிறார்கள், தெருவில் இறங்கி நடந்தால் நாலு பேர் “எப்ப வந்தனீங்கள்?” என்பார்கள். இந்தச் சின்ன நகரத்தில் யாரும் இருக்கிறதாகக் கேள்விப்படவில்லை. அத்தோடு அங்கே சந்திக்குச் சந்தி கல்லில் செதுக்கிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. குழாயிலிருந்து இரவும் பகலும் நல்ல தண்ணீர் விழுந்துகொண்டேயிருக்குமாம், யாரும் குடிக்கலாமாம். எங்கள் கிணற்று நீரில் தேத்தண்ணி போட்டால் உப்புப் போட்ட மாதிரி இருக்கும். குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில்தான் வருகிறது. இவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “ஆர் பூட்டுறது?” என்று கேட்டார். ஒருத்தரும் பூட்டுவதில்லை என்றேன். “விசரர்” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு வேறு ஊரைப் பற்றி அவர் பேசவேயில்லை.

விலைதான் பிரச்சினை. கோபுரத்துக்கு முன்னால் இருக்கிற ஹோட்டலின் விலையைப் பார்த்துவிட்டு இவர் எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மலிவாக வேண்டுமென்றால் எதையாவது விட்டுக்கொடுக்கவேண்டும். கழிப்பறை நடைபாதையில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் மலிவு. எங்கள் வீட்டிலும் கிணற்றடியைத் தாண்டித்தானே போகிறோம், அதிலென்ன என்றார் இவர். வெள்ளைக்காரருக்கு முன்னால் துவாயோடு நடக்க என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டேன். அதில் இரண்டு நாள் கோபம். கடைசியில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேலே, கூரை சரிந்து தலையில் இடிக்கிற மேல்மாடி அறை ஒன்று அகப்பட்டது. லிப்ட் இல்லை. ஆகவே விலை குறைவு. வெங்காய மூட்டையைச் சுமக்கிற மனுசனுக்கு லிப்ட் எதற்கு?

அங்கே தங்கினவர்கள் எழுதிவைத்த குறைகளை மகள் தமிழில் சொன்னாள். கோபுரத்து மணி கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அடித்து நித்திரையைக் கெடுக்கிறதாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பிள்ளையார் கோயில், திருவிழாவுக்குக் கட்டுகிற ஒலிபெருக்கி எங்கள் தென்னையில்தான். மணிச் சத்தத்துக்கென்று விலையைக் குறைத்தார்களானால் நாங்கள்தான் கொடுத்துவைத்தவர்கள்.

காலைச் சாப்பாட்டோடு எடுப்பதா, இல்லாமல் எடுப்பதா என்பதில் இவர் ஒரே பிடியாக நின்றார். சாப்பாட்டோடுதான். காலையில் வேண்டியமட்டும் எடுத்துச் சாப்பிடலாம் என்றால் மத்தியானத்தையும் அங்கேயே முடித்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். வெறும் பாணையும் சீஸையும் எவ்வளவுதான் தின்பீர்கள் என்றேன். “நீர் பாத்துக்கொண்டிரும்” என்றார். தங்கை அனுப்பிய குளிர்ச் சட்டையைப் போட்டு வேலணை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே இருந்து பழகிப் பார்த்தார். வேர்த்து ஒழுகியது. நான் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தேன். கலியாணம் கட்டிய புதிதில்கூட நாங்கள் இப்படிச் சிரித்ததில்லை, அப்போது வீடு நிறைய ஆட்கள்.

பிறகு ரத்துச் செய்தால் காசு திருப்பித் தரமாட்டார்கள் என்ற ஒழுங்கில் எடுத்தால் இன்னும் குறைவு என்று மகள் சொன்னாள். “நாங்கள் என்ன போகாமல் விடவே போறம்?” என்றார் இவர். அதையே எடுத்தோம்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் முதலில் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கி இவருக்குப் பழக்கமில்லை. சேலைக் கடையில்கூட இவர் கூட வந்தால் நான் வெளியில் போய் நிற்பேன். ஹோட்டல்காரன் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டோமே என்பது மனதுக்குள் கிடந்து அரித்திருக்கிறது. எங்கள் வெங்காயத்தை வாங்க வருகிற யாழ்ப்பாணத்து யாவாரிக்குச் சுவிஸில் தம்பி இருக்கிறார். எனக்குச் சொல்லாமல், இவர் அந்த யாவாரியைப் பிடித்து, உங்கள் தம்பியைக் கொண்டு ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டு, கட்டின காசில் ஏதாவது குறைத்துத் தருவார்களா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

தம்பிக்காரன் நல்ல மனுசன். ஹோட்டலுக்கும் போன் போட்டிருக்கிறான். குறைக்க ஏலாது என்று அவர்கள் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அத்தோடு விட்டானா? எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் தங்க இடமில்லாமல் ஹோட்டல் தேடுகிறார்களே என்று மனம் கேளாமல், விசாரித்து, மச்சாளின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து, உங்கள் அண்ணனுக்கு உங்கள் வீட்டில் இடமில்லையென்றால் என் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறான். இதைவிடப் பெரிய அவமானத்தை யாரும் வேண்டுமென்று யோசித்துச் செய்திருக்க ஏலாது.

அன்று பின்னேரமே மச்சாள் கூப்பிட்டாள். “மச்சாள், என்ரை வீட்டிலை என்ன குறை?” என்றாள்.  உங்களுக்கென்று புது மெத்தை வாங்கிப் போட்டேன், கலியாணத்துக்கு வருகிற லண்டன் சொந்தக்காரரை அதில் படுக்கவிடமாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், இனி அவர்களுடைய முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அழுதாள்.  நான் பதில் சொல்ல முன்னமே போனை வைத்துவிட்டாள்.

இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தோட்டத்துக்குப் போனவர் பொழுதுபட்டும் வரவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, அவருடைய முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. காசு போனால் போகட்டும், ரத்துச் செய்வோம் என்றார். அவருக்கு இருப்பது ஒரு தங்கை. மனத்தாங்கலோடு கலியாண வீட்டில் போய் நிற்க ஏலுமா? நானும் ஓம் என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதேன். சரிந்த கூரையும் மணிச் சத்தமும் பூட்டுகிற கதவும் எனக்கு அவ்வளவு சொந்தமாகிவிட்டிருந்தன.

மகளிடம் சொல்ல முன்னம், அடுத்த நாள் காலையில், நானே மச்சாளைக் கூப்பிட்டேன். நல்ல பொய் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அவளுடைய குரலைக் கேட்டதும் அந்தப் பொய் வரவில்லை.

“உம்மடை வீட்டிலை ஒரு குறையுமில்லை மச்சாள்,” என்றேன். “உம்மடை அண்ணையோடை போன ஒரு பயணத்திலையும் ஒரு அறையிலை படுத்ததில்லை. அதுக்குத்தான் ஆசைப்பட்டனான்.”

  அந்த ஹோட்டல் எத்தனை மாடி என்று கேட்டாள் மச்சாள். கட்டில் சன்னல் பக்கமா, போர்வை வெள்ளையா, தலையணை இரண்டா நாலா என்று கேட்டாள். ஏன் இதெல்லாம் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்கெல்லாம் படத்தில் பார்த்ததைச் சொன்னேன்.

“நான் இஞ்சை வந்த நாளிலையிருந்து ஹோட்டல் அறை துப்பரவாக்கிறன்,” என்றாள் மச்சாள். “எத்தினை கட்டில் விரிச்சிருப்பன். ஒண்டிலையும் படுத்ததில்லை. மச்சாள், நானும் வரட்டே? உங்கடை அறைக்கு இல்லை. எனக்கு வேற அறை.”

சுவிஸில் இத்தனை வருடம் இருந்தவளை ஹோட்டலில் தங்க வாரும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் எங்கே போனாலும் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். நான் இவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இவர் சாரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லு என்றார்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. அது முடிந்து, வந்த ஆட்கள் போன பிறகு, மச்சாள் தன் மனுசனைக் குளிர்ப்பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, எது எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு எங்களோடு ரயில் ஏறினாள். அந்த ஊரில் இறங்கியதும் இவர் ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீர் குடித்தார். ஒன்றையும் விடவில்லை. ஒன்று மற்றதைவிட நல்லது என்று எங்களையும் குடிக்கவைத்தார். மாடிப்படியில் மூன்று பேருடைய பெட்டிகளையும் தானே சுமந்து, மேலே போனதும் கூரையில் தலையை இடித்தார். மச்சாளும் நானும் படியில் குந்தியிருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அன்று இரவு மணி அடித்தது எனக்கும் இவருக்கும் கேட்கவேயில்லை.

காலையில் கீழே போனோம். இவர் சொன்னபடியே சாப்பிட்டார், சொன்னதைவிடக் கூடவும் சாப்பிட்டார். மச்சாளைக் காணவில்லை. மேசைகளைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்கள். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை, தங்கச்சியின் சாப்பாட்டுக்கும் காசு கட்டியிருக்கிறதல்லவா? இரண்டு பணிஸும் ஒரு அவித்த முட்டையும் எடுத்து, அங்கே நின்ற பெண்ணிடம் கையால் சாடை காட்டிக் கேட்டு, கடதாசியில் சுற்றிக்கொண்டு மேலே வந்தார். மச்சாளின் கதவில் தொந்தரவு செய்யவேண்டாம் என்று மட்டை தொங்கியது. இவர் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். பிறகு இறக்கினார். “படுக்கட்டும்” என்றார்.

மச்சாள் கதவைத் திறந்தபோது மத்தியானமாகிவிட்டது. தலை கலைந்து, கன்னத்தில் தலையணை வரி விழுந்து, முட்டையை நின்றபடியே சாப்பிட்டாள். உள்ளே போர்வை பாதி நிலத்தில் கிடந்தது. நான் பழக்கத்தில் அதை எடுக்கப் போனேன், விடவில்லை. வெளிக்கிட்டுக் கீழே போகிறபோது மட்டையைக் கதவிலேயே விட்டுவிட்டு வந்தாள். மறந்துவிட்டீர் என்றேன்.

“மறக்கேல்லை மச்சாள். அது தொங்கினா உள்ளுக்கை வரமாட்டினம். இந்த மாடி துப்பரவாக்கிற பிள்ளைக்கு இண்டைக்கு ஒரு அறை வேலை மிச்சம்,” என்றாள்.

தான் ஆற்றங்கரையில் போய் இருக்கப்போவதாகவும், பொழுதுபடுமட்டும் தன்னைத் தேடவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நானும் இவரும் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு எங்கள் அறைக்குத் திரும்பிப்போய், எங்களுடைய மட்டையையும் எடுத்து வெளியே மாட்டிவிட்டு, கதவை உள்ளே பூட்டினோம்.