தம்பியின் பாட்டுக்கு அர்த்தம்

தெருவில் அவளைத் தையல்காரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பிக்குப் பட்டப்பெயர் ரேடியோ. தொட்டிலில் திறந்த வாய், மீசை முளைத்தும் மூடவில்லை. பெற்றவர்கள் போனபிறகு தையல் மிஷினை மிதித்தே அவனை ஆளாக்கினாள். அவன் எழுதிப் பாடிய பாட்டு ஒன்று ஊரெல்லாம் ஒலிக்கத் தொடங்கியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

'ஒரு துளி போதும், வீடு மறக்கும். இன்னொரு துளி, நானே மறப்பேன். என்னைக் கீழே விட்டுடாதே, கீழே யாருமில்லே' என்று போகும் அந்தப் பாட்டு. எதிர்க்கடை இஸ்திரிக்காரர் ஒருநாள் மெல்ல இழுத்தார்.

"ஏம்மா, உன் தம்பி போதையைப் பத்தி இல்ல பாடுறான்?"

"பாட்டுன்னா அப்படித்தான் இருக்கும்ணே. கொலைகாரனா நடிக்கிறவன் கொலையா பண்றான்?"

கெட்டிக்காரப் பதில்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் வீட்டுக்குள்ளும் காட்டியிருக்கலாம்.

கொளுத்தும் வெயிலில் தம்பி முழுக்கைச் சட்டை கேட்டான், மணிக்கட்டு வரை இறுக்கமாக. மேடைக்கு எடுப்பாக இருக்கும் என்று தைத்துக் கொடுத்தாள். இடுப்பளவு ஒவ்வொரு தடவையும் குறைந்தது. ஊர் ஊராய்ச் சுற்றுகிறவன், வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று அவளும் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டே வந்தாள். ஊரார் உடம்பில் அரை இஞ்ச் கூடினால் கண்டுபிடிக்கிற கண், சொந்தத் தம்பியிடம் குருடாகிப்போனது. பாசம் மறைத்தது என்பார்கள். இல்லை, பெருமைதான் மறைத்தது.

ஒரு மத்தியானம் குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவனைத் தூக்கிப்போக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தரிக்கோலால் சட்டைக் கையை வெட்டித் திறந்தாள். முழங்கைக்குக் கீழே வரிசையாக ஊசிப் புண்கள். வெட்டி விழுந்த சட்டைக் கையை அக்கா குனிந்து எடுத்தாள்; அவள் தைத்ததுதான்.

ஒருவழியாக அவன் கண் விழித்ததும் பொரிந்து தள்ளினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா, பாவி? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவனுக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது. கோபிக்கக்கூடத் தெம்பில்லை.

"மூஞ்சியைப் பாத்துச் சொல்ல தைரியம் வரலக்கா. அதான் பாட்டா எழுதினேன். முதல்ல உனக்குத்தானே பாடிக் காட்டினேன், ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. மிஷினை நிறுத்தாமலே கேட்டு முடித்து, "மெட்டு பிரமாதம்டா" என்று சொல்லியிருந்தாள்.