குளிருக்குக் கொஞ்சம்

மாரமங்கலத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் குழம்பு தாளிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட என் கைதான் என் வீட்டுக்காரரின் ரத்தத்தைக் கெடுத்தது என்று ஒரு வருசம் பழி சொன்னார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அவர் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மேல் வயிறு பாரமாக இருக்கிறது என்று அடிக்கடி சொன்னதால் பஸ் ஏறி மலை இறங்கிச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, பரிசோதனை செய்தவர் கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினார். அடியில் சிவப்பு, மேலே அரிசி கழுவிய தண்ணீர் போல வெள்ளை.

டிரைகிளிசரைடு என்றார் டாக்டர். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அந்தப் பேர் வாயில் நுழையவே நாலு நாள் ஆனது. ரத்தத்தில் ஓடுகிற ஒரு கொழுப்பாம். இப்படியே ஏறினால் வயிற்றுக்குள் கணையம் வீங்கி உயிரையே எடுத்துவிடுமாம்.

"குடிப்பழக்கம் உண்டா?" என்று அவரைக் கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க."

"எங்க ஊட்டுல அந்தப் பேச்சே கெடையாதுங்க" என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்களுக்குக் குடி என்றால் வேட்டி அவிழ ரோட்டில் விழுந்து கிடப்பதுதான்.

"அப்ப எண்ணெயக் குறைங்கம்மா" என்றார்.

இது கிளியூரில் இருக்கும் என் நாத்தனார் காதுக்குப் போய்விட்டது. மறு வாரமே வந்துவிட்டாள்.

"அண்ணி கொழம்பு வெச்சா எண்ணெய் ஏரித் தண்ணியாட்டம் நிக்கும். எங்கண்ணன் உசுரு என்னத்துக்காகும்?"

அந்தக் குழம்பையே இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டு சொன்னாள். அவரோ அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

அன்றோடு எண்ணெயை நிறுத்தினேன். வெறுஞ்சட்டியில் கடுகு கருகியது. ருசி இல்லாத குழம்பை விழுங்க அவருக்கு இன்னும் இரண்டு கரண்டிச் சோறு வேண்டியிருந்தது. நாக்குச் செத்துப்போச்சு என்று காப்பியில் சர்க்கரை கூடியது. மூன்று மாதம் இந்தப் பாடு பட்டு மறுபடி போனால், குழாயில் கஞ்சி மாதிரி நிற்கிறது வெள்ளை.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உண்மையச் சொல்லுங்கம்மா. எண்ணெய் ஊத்தறீங்கதானே?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "சொட்டுக் கூட இல்லீங்க சார்! காலையில இருந்து இவுரு உள்ள போடறது எல்லாத்தையும் சொல்றேன், நீங்களே கேளுங்க. எந்திரிச்சதும் காப்பி, சர்க்கரை தூக்கலா. எஸ்டேட்டுல ரண்டு. மத்தியானம் தட்டு நெறையச் சோறு. பொழுது சாஞ்சா மறுக்காக் காப்பி. அப்பறம் குளிருக்குக் கொஞ்சம் பிராந்தி. அப்பறம் சோறு..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பிராந்தியா? தினமுமா?"

"மலையிலீங்க சார். குளிரு" என்றேன்.

"சித்திரை மாசத்துல?"

என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, "மழ பேஞ்சா அப்பவும் குளிருமுங்க" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பிராந்தியும் சர்க்கரையும் தேவைக்கு மிஞ்சின சோறும் ஈரலுக்குப் போய்க் கொழுப்பாக மாறித்தான் ரத்தத்தில் இறங்குகிறது என்றார். எண்ணெய் அளவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அதை மட்டும் நிறுத்திப் பயனில்லை. பிராந்தியை அடியோடு விடாவிட்டால் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்று பயமுறுத்தினார்.

பஸ்ஸில் மலை ஏறும்போது கேட்டேன்: "மூணு மாசம் என் கையைக் கட்டிப் போட்டீங்களே, அப்பவாச்சும் பிராந்தியப் பத்திச் சொல்லக் கூடாதுங்களா?"

"டாக்டரு குடியத்தானே கேட்டாரு" என்றார்.

அன்றே அளவாக எண்ணெய் ஊற்றித் தாளித்தேன். சர்க்கரை டப்பாவைப் பரண் மேல் ஏற்றினேன். சோற்றைக் குறைத்து ராகிக் களி கிண்டினேன். பிராந்தி பாட்டிலை அவர் கண்ணெதிரே காப்பிச் செடியடியில் கவிழ்த்தேன். ரொம்ப நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்றிருந்தேன்.

மார்கழியில் எடுத்த பரிசோதனையில் குழாயின் மேல்பாதி தெளிந்திருந்தது. சேதி கேட்டு நாத்தனார் வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா அண்ணி? எண்ணெய நிறுத்துனதும் எப்பிடிக் கேட்டுச்சு!"

"உந்தட்டுல என்ன மெதக்குதுன்னு பாரு கண்ணு. உங்கண்ணனுக்கும் அதே கொழம்புதான். ஒடம்பு எதனால தேறுச்சுன்னு அவுரையே கேளு."

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் களியைக் குழம்பில் தொட்டு விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"இந்த வருசம் அத்தன குளிரு இல்ல அம்மிணி. அதான்."

அப்போது அவர் மேல் இரண்டு கம்பளி இருந்தது.