மலாக்காவில் மூன்று நாள் வீடு

மலேசியாவில் வாடகை வீட்டுக்குப் போன் போட்டால் முதல் கேள்வி, "பெராப்பா மாலாம்?" என்பதுதான். எத்தனை ராத்திரி என்று அர்த்தம். வீட்டை ராத்திரிக் கணக்கில் விடுவார்கள் என்பதே எனக்கு இங்கு வந்து ஆறாவது வருஷம்தான் தெரிந்தது. நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. குடும்பத்தை நாலு நாள் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைக்கிற நம்மூர்க்காரர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஊரில், விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் இருந்தேன். இங்கே ஜொகூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வாஷ்பேசினுக்கு கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு அடிக்கிறேன். தங்குவது ஹாஸ்டலில். ஒரு அறைக்கு எட்டுப் பேர். பெண்களை கேட்டுக்குள் விடமாட்டார்கள். எங்களைப் போன்றவர்களின் பெர்மிட்டில் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளவும் முடியாது. சுற்றிப் பார்க்க வரலாம், திரும்பிப் போய்விட வேண்டும். சூளையை நிறுத்தி ரிப்பேர் பார்க்கும்போது எனக்கு மூன்று நாள் லீவு என்றார்கள். என் மனைவி அஞ்சலையையும் எட்டாவது படிக்கும் மகள் சங்கீதாவையும் அந்த மூன்று நாளுக்கு வரவழைக்கலாம் என்று முடிவு செய்தேன். மலாக்கா பழைய ஊர், கடற்கரை ஊர், கோட்டையெல்லாம் இருக்கிறது, அங்கே வீடே வாடகைக்குக் கிடைக்கும் என்று அறையில் இருக்கும் ராஜேந்திரன் சொன்னான். சேத்தியாத்தோப்புப் பையன். கம்ப்யூட்டர் தெரியும்.

நெட் சென்டரில் மூன்று வீட்டைக் காட்டினான். ஒன்று பன்னிரண்டாவது மாடி. ஜன்னலில் கடல் தெரிந்தது. இன்னொன்றில் நீச்சல் குளம் இருந்தது. மூன்றாவது துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சீன வீடு. முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். நடுவில் வானம் தெரியும் முற்றம். "அண்ணே, குளம் இருக்கறத எடுங்க. பாப்பா ஆடும்" என்றான். நான் சமையலறைப் படத்தைப் பெரிசாக்கச் சொன்னேன். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்தேன். "அக்னி மூலையாண்ணே பாக்கறீங்க? மூணு நாளைக்கு எந்த மூலையில அடுப்பு எரிஞ்சா இன்னா?" என்று சிரித்தான். எனக்கு வீடு பார்க்க வேறு மாதிரி தெரியாது.

விருத்தாசலத்தில் ஜங்ஷன் பக்கம் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை அப்படித்தான் பார்த்தோம். அஞ்சலை மூன்று தடவை வந்து பார்த்தாள். குழாயைத் திறந்தாள், அடுப்படியில் நின்றாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேச்சுக் கொடுத்தாள். முன்னால் இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று விசாரித்தாள். வீட்டுக்காரரும் எங்களை விசாரித்தார். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி, முதல் டம்ளரை அவருக்குக் கொடுத்தோம். அந்த வீட்டில்தான் சங்கீதா நடக்கக் கற்றாள். அங்கிருந்துதான் நான் பிளேன் ஏறினேன்.

சீன வீட்டம்மாவுக்கு நானே போன் செய்தேன். எனக்குக் கொஞ்சம் மலாய் வரும். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றேன். எந்நேரமும் வரும் என்றார். சமையலறை எந்தத் திசை என்றேன். அவருக்குப் புரியவில்லை. காலையில் சூரியன் எந்தப் பக்கம் என்றேன். யாரையோ கேட்டுவிட்டு வந்து சொன்னார். மாமிசம் சமைக்கலாமா என்றேன். தாராளமாக என்றார். வீட்டில் துர்மரணம் ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டேன். "இருநூறு வருஷ வீடு. நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். எல்லாரும் நல்லவர்கள்" என்றார். பிறகு சற்றுக் கோபமாக, "தீகா மாலாம் சாஜா" என்றார். மூன்று ராத்திரிதானே, இதற்கு ஏன் இத்தனை கேள்வி என்கிறார். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். அடையாளம் கேட்டதற்கு, எதிரில் பள்ளிக்கூடம் என்றார். அந்த வீட்டையே பிடித்துவிட்டேன்.

அன்றே அஞ்சலைக்குப் போன் போட்டேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. போன் கார்டிலும் நிமிஷம் கொஞ்சம்தான் இருந்தது.

"வூடு பாத்துட்டேன். மலாக்காவுல."

"எப்பிடிங்க இருக்குது?"

"முத்தம் இருக்குது. அடுப்பங்கரை தென்கெழக்கு."

"தண்ணி?"

"நாள் பூரா."

"ஸ்கூலு கிட்டவா?"

"எதிர்லயே."

"மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றாள். எனக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டாள். மூணு நாள் என்றேன். கார்டு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பேசியதெல்லாம் டிக்கெட், விசா பற்றித்தான்.

கோலாலம்பூர் ஏர்போர்ட்டில் சங்கீதாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் விட்டு வந்தபோது இடுப்பு உயரம். இப்போது தோளுக்கு வந்துவிட்டாள். பெட்டிகள் கனத்தன. பொண்டாட்டி எனக்கு ஊறுகாய், முறுக்கு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் பிடித்து மலாக்கா போனோம். வீட்டு வாசலில் வீட்டம்மா நின்றார். அறுபது வயது இருக்கும். அரைக்கால் சட்டை, கையில் துண்டுகள். அஞ்சலை அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். முற்றத்தில் நின்று மேலே பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். "போயி பாலு வாங்கியாங்க" என்றாள். டீக்கு என்று நினைத்தேன். வாங்கி வருவதற்குள் பெட்டியைத் திறந்து புதுப் பாத்திரம் ஒன்றை எடுத்து மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள்.

பால் பொங்கி வழிந்தது. வீட்டம்மா கத்திக்கொண்டு ஓடி வந்து அடுப்பை அணைத்தார். கையிலிருந்த துண்டால் துடைக்கப் போனார். அஞ்சலை சிரித்தபடி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, டம்ளரில் பாலை ஊற்றி, சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். அந்தம்மா என்னைப் பார்த்தார். குடிக்கச் சொன்னேன். குடித்தார். இனிப்பாக இருக்கிறது என்றார். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சாவி வாங்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னா சொல்றாங்க?" என்று அஞ்சலை கேட்டாள்.

"புதன்கெழம சாவி வாங்க வராங்களாம்."

"நம்ம வூட்டுச் சாவிய அவங்க ஏன் வாங்கறாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் சங்கீதா ஒரு பிளாஸ்டிக் கவரை என்னிடம் நீட்டினாள். "அப்பா, எதிர்த்த ஸ்கூலுக்கு நாளைக்கே போவணுமா?" உள்ளே டி.சி. இருந்தது. விருத்தாசலம் பள்ளிக்கூடத்து சீல் போட்ட டி.சி. விலகக் காரணம் என்ற இடத்தில், தகப்பனாருடன் வெளிநாட்டில் குடியேறுதல் என்று எழுதியிருந்தது.

அதை இரண்டு தடவை படித்தேன். ஜங்ஷன் வீட்டை என்ன செய்தாய் என்று கேட்டேன். காலி செய்துவிட்டாளாம். பேங்க்கில் வேலை பார்ப்பவர் குடும்பம் குடி வந்துவிட்டதாம். கட்டில், பீரோவையெல்லாம் மங்கலம்பேட்டையில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டில் போட்டிருக்கிறாளாம்.

"ரிட்டன் டிக்கெட் இருக்குதே, அத இன்னான்னு நெனச்ச?"

"அது விசாவுக்குக் காட்றதுக்குன்னு ஏஜென்ட்டு சொன்னாரு. எல்லாருக்கும் அப்பிடித்தானாமே."

"மூணு நாளுன்னு சொன்னனே."

"வூடு மாத்த மூணு நாளு லீவுன்னு நெனச்சேன். மூணு நாளைக்கு எவனாச்சும் வூடு புடிப்பானா? அடுப்பங்கரை தெசை பாத்து, தண்ணி பாத்து?"

நான் அடுப்பில் வழிந்த பாலைத் துடைத்தேன்.

அடுத்த இரண்டு நாளும் ஊரைச் சுற்றினோம். சிவப்பு அடித்த பழைய கட்டடங்கள், குன்றின் மேல் கூரையில்லாத மாதாகோயில், உடைந்த கோட்டை வாசல். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். அஞ்சலை எதையும் பார்க்கவில்லை. கடற்கரையில் உட்கார்ந்தபோது கேட்டாள்.

"இருந்துட்டா இன்னா பண்ணுவாங்க?"

"புடிச்சிடுவாங்க. ரெண்டு பேரையும் உள்ள வெச்சிடுவாங்க."

"எத்தினியோ பேரு இருக்கறாங்களாமே."

"இருக்கறாங்க. புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவ முடியாது. டாக்டர்கிட்டக்கூட போவ முடியாது."

"ஆறு வருசம். போன்ல எப்பப் பாத்தாலும் ஆமா, இல்ல, சரின்னே பேசறீங்க. இன்னும் நாலு வார்த்த அதிகமாப் பேசியிருந்தா நான் வூட்டக் காலி பண்ணியிருப்பனா?"

சங்கீதா எழுந்து தண்ணீர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு இருக்க வேண்டும் என்று ஆசை. வாயைத் திறந்து சொல்லவில்லை. அதில் அவள் என்னை மாதிரி. காலையில் எதிர் பள்ளிக்கூடத்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். உள்ளே பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாத்தியாரம்மா வந்து மலாயில் ஏதோ கேட்டார். இவள் இங்கிலீஷில் பேர் சொன்னாள். அவர் நோட்டைப் பிரித்துத் தேடிவிட்டு இல்லை என்று தலையாட்டினார்.

வைத்துக்கொள்ளலாமா என்று நானும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் ஃபேக்டரிக்குப் பின்னால் தோட்டத்தில் பெர்மிட் இல்லாமல் அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் அந்த வீட்டுப் பிள்ளை செம்பனை மரங்களுக்குள் ஓடும். என் பிள்ளை ஓட வேண்டாம் என்று முடிவு செய்தேன். அஞ்சலையிடம் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டினாள்.

புதன்கிழமை காலை வீடு முழுவதையும் பெருக்கிக் கழுவினாள். நம் வீட்டைக் காலி செய்கிற மாதிரியே செய்தாள். பன்னிரண்டு மணிக்கு வீட்டம்மா வந்தார். தரையைப் பார்த்து, இப்படி யாரும் விட்டுப் போனதில்லை, அடுத்த வருஷமும் வாருங்கள் என்றார். வெளியே ஒரு காரில் அடுத்த குடும்பம் காத்திருந்தது. அஞ்சலை சாவியைக் கொடுத்தாள். "இன்னா சொல்றாங்க?" என்று கேட்கவில்லை.

சென்னையில் இறங்கியதும் கொடுக்க வேண்டிய அட்டையைக் கோலாலம்பூர் ஏர்போர்ட் கவுண்டரிலேயே தந்தார்கள். சங்கீதா எழுத உட்கார்ந்தாள். பெயர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் எழுதிவிட்டு நிறுத்தினாள்.

"இந்தியாவுல விலாசம்னு கேட்டிருக்குதுப்பா. இன்னா எழுதறது?"

நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஜங்ஷன் வூட்டயே எழுதுடி. எவன் வந்து பாக்கப் போறான்."

சங்கீதா கட்டம் கட்டமாக, அழகாக எழுதினாள். இரண்டு அட்டையிலும் எழுதினாள். நான் என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அதே தெரு, அதே கதவு எண். மூன்று பேருக்கும் விலாசம் ஒன்றுதான். அங்கே இந்நேரம் பேங்க்காரர் வீட்டம்மா குழாயைத் திறந்து குடத்தை வைத்திருப்பார்.